ஓட்டை தெரிந்தும் அடைக்காதவன் காவல்காரனா?



நேற்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தம்பி மகன் எழுதினான்: "பெரியப்பா, இனிமேல் போர் எல்லாம் கம்ப்யூட்டரில்தான். உளவுத்துறைகள் தயாராகத்தான் இருக்கின்றன, கவலைப்படாதீர்கள்."

எதற்குத் தயார்? அடிப்பதற்கா, காப்பதற்கா? இரண்டும் ஒன்றல்ல.

அமெரிக்காவின் என்.எஸ்.ஏ. உளவு அமைப்பு விண்டோஸில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தது. மைக்ரோசாஃப்டிடம் உடனே சொல்லவில்லை. பிறர் கணினிக்குள் நுழைய உதவுமே என்று 'எடர்னல்புளூ' என்ற கள்ளச்சாவி செய்து வைத்துக்கொண்டது. அந்தச் சாவியே களவு போயிற்று. 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அப்டேட் தந்தது. ஏப்ரலில் 'ஷேடோ புரோக்கர்ஸ்' என்ற கும்பல் சாவியை இணையத்தில் வீசியது. மே 12 அன்று 'வான்னாகிரை' பரவியது. சுமார் 150 நாடுகள். இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் மட்டும் 19,000-க்கு மேற்பட்ட நோயாளிகளின் சிகிச்சை நேரம் ரத்தாகியிருக்கலாம் என்று அந்நாட்டுத் தணிக்கை அறிக்கை சொல்கிறது.

செய்தது வடகொரியா என்று அமெரிக்கா குற்றம் சாட்டியது. இருக்கட்டும். சாவி செய்தது யார்?

"அப்டேட் போடாதது மருத்துவமனைகளின் தவறுதானே சார்?" என்பீர்கள். பாதி நியாயம். கண்டுபிடித்த அன்றே சொல்லியிருந்தால், எல்லோருக்கும் இன்னும் எவ்வளவு அவகாசம் கிடைத்திருக்கும்!

நம் ஊருக்கு வருவோம். கூடங்குளம் விவகாரத்தை 2019 செப்டம்பர் 4 அன்றே மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு கவனித்துவிட்டது. அக்டோபர் 29 அன்று அணுமின் நிலையம், பரவுவது பொய்த் தகவல் என்றது. மறுநாளே அணுமின் கழகம், நிர்வாகப் பணிக்கான ஒரு கணினியில் வைரஸ் இருந்தது உண்மை என்றது. உலையை இயக்கும் அமைப்பு தனி, அதற்குப் பாதிப்பில்லை என்றது. நம்புகிறேன். ஆனால் விஷயம் வெளியே கசிந்திராவிட்டால் நமக்குச் சொல்லியிருப்பார்களா?

நானும் யோக்கியன் இல்லை. ஆய்வுக்கு அதிகாரி வந்த நாளில், மழைநீர் கசிந்த வகுப்பறைச் சுவரில் இந்திய வரைபடத்தை மாட்டி மறைத்தவன்தான். அதிகாரி 'நன்று' என்று எழுதிப் போனார். அடுத்த மழையில் வரைபடமும் ஊறிக் கிழிந்தது, பிள்ளைகளும் நனைந்தார்கள்.

உளவுக்கு ரகசியம் வேண்டும், மறுக்கவில்லை. யாரைக் கண்காணிக்கிறார்கள் என்பது ரகசியமாக இருக்கட்டும். ஆனால் உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே பூட்டு, அது பழுது என்று தெரிந்தும் வாய் திறக்காமல் இருப்பது எந்த ஊர்க் காவல்?

ஓட்டையைக் கண்டால் குறித்த நாளுக்குள் சொல்ல வேண்டும். அடிபட்டால் மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த இரண்டுக்கும் சட்டம் வரட்டும். அதுவரை 'தயார்' என்ற சொல்லுக்கு நான் மதிப்பெண் போட மாட்டேன்.

ஆசிரியர் பயிற்சி மட்டும் படித்தவன் நான். உங்களில் பலர் கணினித் துறையில் பெரிய வேலையில் இருக்கிறீர்கள். நான் சொன்னதில் பிழை இருந்தால் கூச்சப்படாமல் திருத்துங்கள். உங்கள் அலுவலகத்தில் ஓட்டை தெரிந்தால், வரைபடம் மாட்டாதீர்கள். அவ்வளவுதான்.