முட்டையிடவா வருகின்றன?

மார்கழி, தை பிறந்தால் போதும், வெளிநாட்டுப் பறவைகள் முட்டையிட நம் குளங்களுக்கு வந்துவிட்டன என்று ஒரு செய்தி பேப்பரில் வந்துவிடும். கூடவே கூந்தன்குளத்து மஞ்சள்மூக்கு நாரை படம். ஐயா, அந்த நாரை நம்ம நாட்டுப் பறவை! அது கூடு கட்டுவது இங்கேதான். ஆர்க்டிக்கிலிருந்து வரும் உள்ளான்களோ இங்கே ஒரு முட்டைகூட இடுவதில்லை.

சங்கரன்கோவில் பக்கத்துக் குளங்கள் வற்றும்போது சேற்றோரம் ஓடி ஓடிக் கொத்துமே, கொசு உள்ளான், அதைப் பாருங்கள். முப்பது கிராம்கூடத் தேறாது. அதன் பிரசவ வீடு வட ரஷ்யாவின் துந்திரா. ஜூன் மாதம் அங்கே பனி உருகும், சூரியன் மறையாது, பூச்சிகள் கிளம்பும். அந்தச் சில வாரத்துக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். அதனால் பெட்டை ஒரு கூட்டில் முட்டையிட்டு ஆணிடம் அடைகாக்க விட்டுவிட்டு, இன்னொரு கூட்டில் இட்டுத் தான் அடைகாப்பதும் உண்டு. குஞ்சுகள் பொரித்த கையோடு தாமே இரை பொறுக்கும், ஊட்டிவிடும் வேலை இல்லை. கோடியக்கரைக்கு வரும் வளைமூக்கு உள்ளானில் கதை வேறு. ஆண் அடைகாப்பதே இல்லை. ஜோடி சேர்ந்த கொஞ்ச நாளில் தெற்கே கிளம்பிவிடும். நம்மூரில் ஆடித்தபசு நடக்கும்போது அது பாதி வழியில் இருக்கும் (பொறுப்பில்லாத அப்பாக்கள் எல்லா ஊரிலும் உண்டு போல). லெமிங் என்ற எலி குறைந்த வருஷங்களில் ஆர்க்டிக் நரி இதன் முட்டை, குஞ்சுகள் பக்கம் திரும்பிவிடும். அந்த வருஷம் புதுத் தலைமுறையே அரிது.

எங்கே முட்டையிட்டால் என்ன என்று கேட்காதீர்கள். முட்டையிட வருகிறது என்று நம்புகிறவர், குளத்துக்குள் மண்மேடு போட்டு மரம் நடுகிறார். நாரைக்கு அது சரி. உள்ளான் வருவது தின்று, இறகு மாற்றி, ஏப்ரல், மே மாதத்தில் திரும்பப் பறக்கக் கொழுப்பு சேர்க்க. அதற்கு வேண்டியது மரமில்லாத திறந்த சேறும் இரண்டு விரற்கடைத் தண்ணீரும். தூர்வாருகிறோம் என்று நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டினால் முதலில் போவது அந்த ஓரம்தான். மிச்ச ஓரத்தில் கோழிக்கழிவு மூட்டை!

விவசாயிக்குத் தண்ணீர் வேண்டாமா என்பீர்கள். வேண்டும், எங்கள் வீட்டுச் சோறும் குளத்துத் தண்ணீரில் விளைவதுதான். ஆழமாக வெட்டுங்கள், ஒரு பக்கத்தை மட்டும் சரிவாக விடுங்கள் என்றுதான் கேட்கிறேன். வளைமூக்கு உள்ளானை 2024-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழியும் அபாயத்துக்கு உள்ளான பறவைகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது.