பாட்டன் காட்டுக்கு விலையா?

உங்கள் பாட்டன் காலத்துச் சொத்து. அதை யாரோ பறித்துக்கொண்டார்கள். நூறு ஆண்டு கழித்து, "காசைக் கொடு, தருகிறேன்" என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் நடந்திருப்பது இதுதான்.

கலிபோர்னியா மாநிலத்தின் வட கோடியில் கிளமத் என்ற ஆறு ஓடுகிறது. அதன் கரையில் வாழ்பவர்கள் யூரோக் மக்கள். அமெரிக்காவின் பூர்வகுடிகள். "செவ்விந்தியர்" என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவர்கள்தான். (கொலம்பஸ் தான் இறங்கிய இடத்தை இந்தியா என்று எண்ணியதால் வந்த பெயர் அது!)

1849-ம் ஆண்டு, தங்கம் தேடி வந்த கூட்டம் கலிபோர்னியாவில் புகுந்தது. பின்னால் மர வியாபாரிகள் வந்தார்கள். காடு கை மாறியது. பூர்வகுடிப் பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் சேர்த்தார்கள். அங்கே தாய்மொழி பேசினால் தண்டனை!

சும்மா வரவில்லை

2025-ம் ஆண்டுக்குள், 47 ஆயிரம் ஏக்கர் காடு யூரோக் மக்களிடம் வந்து சேர்ந்தது. சும்மா வரவில்லை. மரக் கம்பெனிக்கு விலை கொடுத்துத்தான் வந்தது. நன்கொடை, கடன், மானியம் என்று 5 கோடியே 60 லட்சம் டாலர் திரட்ட வேண்டியிருந்தது.

கம்பெனியும் காசு கொடுத்து வாங்கியதுதானே என்பார்கள். இருக்கட்டும். பறிபோனபோது பார்த்துக்கொண்டிருந்தது அரசாங்கம். முழுப் பணத்தையும் அரசாங்கம் அல்லவா கொடுத்திருக்க வேண்டும்?

சால்மன் மீன்

அந்தக் காட்டில் ஓர் ஓடை. கோடையிலும் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். கடலிலிருந்து ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு வரும் சால்மன் மீன்கள் அங்கேதான் இளைப்பாறும். 2002-ம் ஆண்டு ஆற்றில் நீர் குறைந்து சூடேறியது. நோய் பரவி, பல்லாயிரம் மீன்கள் செத்து மிதந்தன.

யூரோக் மொழியில் சால்மனுக்கு "நெபூய்" என்று பெயர். "உண்ணப்படுவது" என்று பொருள். இன்று அந்த மொழியைச் சில பள்ளிகளில் சொல்லித் தருகிறார்கள். ஆற்றில் மீன் இல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பொருள் ஏது?

2024-ம் ஆண்டு, ஆற்றை மறித்திருந்த நான்கு அணைகளை இடித்து முடித்தார்கள். சில வாரங்களிலேயே சால்மன் மேலே ஏறிவிட்டது. மறு ஆண்டு, அந்த ஆற்றங்கரைப் பூர்வகுடிப் பிள்ளைகள் சிறு படகுகளில் துடுப்புப் போட்டுக் கடல் வரை போனார்கள். சுமார் 500 கிலோ மீட்டர்! ஒரு மாதப் பயணம். அவர்களுடைய தாத்தாக்களுக்குக் கூட அது கிடைக்கவில்லை. அணை குறுக்கே நின்றது.

இனி மர லாரிகள் போன பழைய பாதைகளை மூட வேண்டும். மண் சரிந்த ஓடைகளைச் சீராக்க வேண்டும். பல ஆண்டு வேலை. அந்த இளைஞர்களுக்கே அதைக் கொடுக்கலாம். சம்பளத்தையாவது அரசாங்கம் கொடுக்கட்டும்.