பூட்டிய செயலிக்குப் பொன்விலைப் பலகையா?



சென்ற பள்ளி விடுமுறையின்போது சுங்காயைச் சேர்ந்த தந்தை ஒருவர் என்னைத் தேடி வந்தார். செம்பனைத் தோட்டத்தில் உழைப்பவர். இடைநிலைப்பள்ளியில் பயிலும் மகனுக்குக் கணினி வாங்கவிருந்தார். கடைக்காரர் எழுதிக் கொடுத்த பட்டியல் அவர் கையில் இருந்தது. செயலி, இன்டெல் கோர் ஐ5 13400; தாய்ப்பலகை, இசட் 790. “இந்தப் பலகையிலே வேகத்தைக் கூட்டிக்கலாமாம் சார், அதனாலதான் விலை அதிகமாம்” என்றார். முன்பணமும் கட்டிவிட்டார்.

எனக்குச் சினம் மூண்டது. அந்தச் செயலியின் பெருக்கெண்ணை அந்தப் பலகையால் உயர்த்தவே முடியாது!

அடிப்படைத் துடிப்பைப் பெருக்கெண்ணால் பெருக்கினால் கிடைப்பதே செயலியின் வேகம். அதனைக் குறிக்கப்பட்ட அளவுக்கு மேல் உயர்த்துவதை ஓவர்கிளாக்கிங், அதாவது மிகைவேகமூட்டல் என்கிறோம். இன்றைய இன்டெல் மேசைக்கணினிச் செயலிகளில், எண்ணுக்குப் பின்னால் ‘கே’ எழுத்தைத் தாங்கியவற்றுக்கே பெருக்கெண் திறந்து விடப்படுகிறது. 13400 பூட்டப்பட்ட செயலி. மறுபுறம், ‘கே’ செயலியை வாங்கி பி 760 அல்லது எச் 610 பலகையில் பொருத்தினாலும் பெருக்கெண்ணை உயர்த்த இயலாது. இரண்டும் இணைந்தால்தான் பயன். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலான செயலிகள் திறந்தே வருகின்றன. அவற்றுக்கு நடுத்தர விலையுள்ள பி 650 பலகையே போதும். மலிவான ஏ 620 இடந்தராது. இந்த நான்கு வரிச் செய்தியைச் சொல்லாமல் விற்பது வணிகமா, வஞ்சகமா?

“அப்படியானால் வேகமூட்டுவதே தவறா?” என்று கேட்பீர்கள். தவறன்று. 1998இல் வெளிவந்த செலரான் 300ஏ செயலியின் பெருக்கெண் 4.5இல் பூட்டப்பட்டிருந்தது. ஆர்வலர்கள் துடிப்பை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்சுக்கு உயர்த்தி, 300ஐ 450 ஆக்கினார்கள். ஏழை மாணவனுக்கு அது பெரும் வரம். இன்றோ செயலிகள் தம் வேகத்தைத் தாமே இயன்ற மட்டும் உயர்த்திக்கொள்கின்றன. நாம் கூட்டுவதற்கு மிஞ்சியிருப்பது சிறிதளவே.

அந்தச் சிறிதளவுக்கும் விலை உண்டு. வேகத்தை 10 விழுக்காடும் அதற்காக மின்னழுத்தத்தை 10 விழுக்காடும் உயர்த்தினால், வெப்பம் ஏறத்தாழ 33 விழுக்காடு கூடும்; மின்னழுத்தம் இருபடியாகக் கணக்கில் சேர்கிறது. நண்பகலில் நம் தகரக்கூரை வீடுகளின் அறைக்காற்றே கொதிக்கையில், அதே காற்றை ஊதும் விசிறி எதனைக் குளிர்விக்கும்?

2024இல் நடந்ததையும் மறக்கலாகாது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் பல நிலைகுலைந்தன. அளவு மீறிய மின்னழுத்தமே காரணம் என ஒப்புக்கொண்ட இன்டெல், உத்தரவாதத்தை 2 ஆண்டுகள் நீட்டித்தது. மின்வரம்புகளைத் தளர்த்திய அமைப்போடு பலகைகள் விற்கப்பட்டதும் அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. பயனர் கேட்காமலே பலகை வேகமூட்டினால் பட்டுப்போவது யாருடைய பொருள்?

உண்மையிலேயே இக்கலையைப் பயில விரும்பும் பிள்ளை இருந்தால் தடுக்காதீர்கள். ஆனால், பலகையில் மின்னும் வண்ண விளக்குகளைப் பார்த்து வாங்காதீர்கள். 12 வோல்ட்டை ஏறத்தாழ 1 வோல்ட்டுக்கு இறக்கிச் செயலிக்குத் தரும் மின்சீரமைப்புப் பகுதியைப் பாருங்கள். 1.2 வோல்ட்டில் 120 வாட் என்றால் 100 ஆம்பியர் மின்னோட்டம்! அதனைத் தாங்கும் உறுப்புகளும், அவற்றின்மேல் கனமான வெப்பம் கடத்தும் உலோகமும் உள்ளனவா? நல்ல குளிர்விப்பான் வாங்கப் பணம் மிஞ்சுமா? வேகமூட்டினால் உத்தரவாதம் நிற்குமா? இவற்றுக்கு விடை சொல்லும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கலாம். அவன் அறிவியல் கற்கிறான்.

அந்தத் தந்தையோடு நானும் கடைக்குச் சென்றேன். முன்பணம் திரும்பவில்லை, பலகையை மட்டும் பி 760ஆக மாற்றினோம். மிச்சமான ஏறத்தாழ 400 வெள்ளியில் நினைவகம் இரட்டிப்பானது. மின்னல் மிகுந்த நம் ஊருக்குத் தேவையான யூபிஎஸ் ஒன்றும் கிடைத்தது. மகனுக்கு முகம் வாடியது. மூன்றாம் நாள் அவனே பெருக்கெண் கணக்கை எனக்கு விளக்கினான்!

ஆசிரிய நண்பர்களே, “கணினிக்கும் தமிழாசிரியனுக்கும் என்ன தொடர்பு?” என்று ஒதுங்குகிறோமே, அந்த இடைவெளியில்தான் கடைக்காரர் நுழைகிறார். பெருக்கலும் இருபடியும் மின்னழுத்தமும் நம்மால் தமிழில் விளக்க முடியாதவையா? பினாங்கில் 1972 முதல் இன்டெல் ஆலை இயங்குகிறது. செயலிகள் உருப்பெறும் நாட்டில் வாழ்ந்துகொண்டு, அவற்றின் பெயரிலுள்ள ஓர் எழுத்தின் பொருளை அறியாமல் ஏமாறுவது நமக்கு அழகா?

விலைப்பட்டியல் கைக்கு வந்தால், பணம் கட்டுமுன் ஓர் ஆசிரியரிடம் காட்டுங்கள். காட்டினால் படித்துச் சொல்லும் ஆசிரியராக நாமும் இருப்போம்.