சேப்பாக்கத்துக்கு வடக்கே ஒரு மைதானம் வேண்டும்

சென்னையில் கிரிக்கெட் என்றாலே சேப்பாக்கம்தான். பெயர்ப்பலகையில் எம்.ஏ.சிதம்பரம் ஸ்டேடியம் என்று எழுதியிருந்தாலும், ஆட்டோக்காரரிடம் "சேப்பாக்கம் கிரவுண்டு" என்று சொன்னால்தான் உடனே புரியும். மாலையில் வரும் கடல் காற்று, சுழலும் பந்து, எதிரணி நன்றாக ஆடினாலும் கை தட்டும் ரசிகர்கள் என்று இந்த மைதானத்துக்குப் பெருமைகள் ஏராளம். அவற்றில் எதையும் யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பெருமை நகரத்தின் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே மாதிரி போய்ச் சேர்ந்திருக்கிறதா? ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் நின்று பார்த்தால் பதில் வேறு மாதிரி வருகிறது.

சேப்பாக்கத்தின் கதை

முதலில் வரலாறு. ஆற்காடு நவாபின் அரண்மனைத் தோட்டமாக இருந்த நிலத்தில் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 19ஆம் நூற்றாண்டில் இடம் பெற்றது. அது வெள்ளைக்காரர்களின் கிளப். இந்தியர்கள் அங்கே சமமாக உட்கார முடியாத காலம் அது. அதனால்தான் புச்சி பாபு நாயுடு 1888ல் இந்தியர்களுக்காக மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். பின்னர் ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் மோதிய பிரசிடென்சி மேட்ச், பொங்கல் நேரத்தில் சேப்பாக்கத்திலேயே நடக்கத் தொடங்கியது. மூடியிருந்த கதவு, வெளியே இன்னொரு கிளப் உருவான பிறகுதான் திறந்தது என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

1934 பிப்ரவரியில் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்துடன் இங்கே முதல் டெஸ்ட் நடந்தது. அதே ஆண்டு நவம்பர் 4 அன்று ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமும் இங்கேதான். மெட்ராஸ் அணி மைசூரை ஒரே நாளில் தோற்கடித்தது. ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் இதே மண்ணில், 1952 பிப்ரவரியில். வினு மன்கட் 12 விக்கெட் வீழ்த்திய ஆட்டம் அது.

அதன் பிறகு வந்தவை பலருக்கும் மனப்பாடம். 1986ல் ஆஸ்திரேலியாவுடன் சமனில் முடிந்த 'டை' டெஸ்ட், 1988ல் அறிமுக டெஸ்டிலேயே ஹிர்வானி எடுத்த 16 விக்கெட், 2001ல் ஹர்பஜன் எடுத்த 15 விக்கெட், 2008ல் சேவாக்கின் 319, 2016ல் கருண் நாயரின் 303... இவை எல்லாவற்றுக்கும் மேலாக 1999 ஜனவரி. சச்சின் 136 ரன் அடித்தும் இந்தியா 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றது. தோற்ற சோகத்திலும் ரசிகர்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கை தட்டினார்கள். சேப்பாக்கத்தின் பெயர் உலகம் முழுக்கப் பரவியதற்கு அந்தக் கைதட்டல் ஒரு பெரிய காரணம்.

வடக்கே நடந்த டெஸ்ட்கள்

இந்த வரலாற்றில் ஒரு பக்கத்தைப் பலர் புரட்டாமலே தாண்டிவிடுகிறார்கள். 1956 முதல் 1965 வரை மெட்ராஸில் நடந்த டெஸ்ட்கள் சேப்பாக்கத்தில் நடக்கவில்லை. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நடந்தன. மொத்தம் 9 டெஸ்ட்கள். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்குச் சேர்த்த 413 ரன், 2008 வரை உலக சாதனையாக இருந்தது. அந்தச் சாதனை பிறந்த இடம் சேப்பாக்கம் அல்ல, நகராட்சிக்குச் சொந்தமான ஒரு திடல்!

வண்ணாரப்பேட்டையிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் நடந்தே போகிற தூரம் அது. 1967ல் டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. கார்ப்பரேஷன் ஸ்டேடியம் பின்னர் கால்பந்துக்கும் தடகளத்துக்கும் ஏற்றபடி மாற்றிக் கட்டப்பட்டு ஜவஹர்லால் நேரு ஸ்டேடியமாக நிற்கிறது. அதில் தவறில்லை, கால்பந்துக்கும் இடம் வேண்டும்தானே. ஆனால் இதிலிருந்து ஒன்று தெரிகிறது. பெரிய கிரிக்கெட் இந்த இடத்தில்தான் நடக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மனிதர்கள் முடிவெடுத்தால் அது இடம் மாறும்.

வசதிகள் யாருக்கு?

சேப்பாக்கத்தின் வசதிகள் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கின்றன. 1996 உலகக் கோப்பைக்காக மின்னொளி விளக்குகள் வந்தன. பழைய கான்கிரீட் கூரைகளைத் தாங்கிய தூண்கள் பார்வையாளர்களுக்குப் பெரிய தலைவலி. தூணுக்குப் பின்னால் சீட்டு கிடைத்தவர் பாதி ஆட்டத்தைச் சத்தத்தை வைத்தே ஊகிக்க வேண்டியிருந்தது. 2011 உலகக் கோப்பைக்கு முன்பு செய்த புதுப்பிப்பில் இந்தத் தொல்லை பெரிதும் தீர்ந்தது. வெளிச்சம் ஊடுருவும் வெள்ளைக் கூரைகள் வந்தன. கடல் காற்று உள்ளே வரும்படி ஸ்டாண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டார்கள்.

ஆனால் புதிதாகக் கட்டிய ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் அனுமதித் தகராறு காரணமாக 2012க்குப் பிறகு பல ஆண்டுகள், ஓரிரு ஆட்டங்களைத் தவிர, பூட்டியே கிடந்தன. சுமார் 12,000 இருக்கைகள் சும்மா கிடக்க, வெளியே டிக்கெட் இல்லாமல் கூட்டம் நின்றது. 2023 மார்ச்சில் கலைஞர் மு.கருணாநிதி ஸ்டாண்டு திறக்கப்பட்ட பிறகு இப்போது சுமார் 38,000 பேர் உட்காரலாம்.

சரி, உட்காருவது யார்? 2025 ஐ.பி.எல். சீசனில் சென்னை அணி ஆடும் ஆட்டத்துக்கு மிகக் குறைந்த டிக்கெட்டே 1,700 ரூபாய். அதுவும் ஆன்லைனில் கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். காசிமேட்டில் மீன் ஏலத்துக்குக் கூடை தூக்குபவரின் பிள்ளைக்கும், எண்ணூரில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் 1,700 ரூபாய் என்பது பல நாள் வீட்டுச் செலவு. சேப்பாக்கத்து ரசிகர்களின் 'விவரம்' என்று உலகம் புகழ்கிறதே, அதை வளர்த்தவர்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு காலையிலேயே வந்து குறைந்த விலை கேலரியில் நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்த மக்கள். அவர்களுக்கு இடம் சுருங்கச் சுருங்க, கூரை எத்தனை அழகாக இருந்து என்ன பயன்?

நல்லதையும் சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. திருவொற்றியூரில் ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி, அங்கிருந்து மைதானத்துக்கு நடந்து போய்விடலாம். ஐ.பி.எல். டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு மெட்ரோவில் இலவசப் பயணமும் தந்தார்கள். ரயில் வந்துவிட்டது, டிக்கெட்தான் வரவில்லை.

மணல் போன திசை

பார்ப்பதை விட ஆடுவது முக்கியம். அங்கேதான் வட சென்னையின் உண்மையான இழப்பு இருக்கிறது.

இந்தக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகம் கட்டியபோது, அதன் அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறித்தன. தெற்கே மணல் குவிந்து குவிந்து மெரினா அகலமானது. வடக்கே வர வேண்டிய மணல் வராததால் ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. தெருக்களும் வீடுகளும் போயின. இன்று அங்கே பல இடங்களில் இருப்பது கருங்கல் குவியலும் தூண்டில் வளைவுகளும்தான். மெரினா மணலில் ஞாயிற்றுக்கிழமை எத்தனை டீம் ஆடுகிறது என்று எண்ண முடியாது. அதே துறைமுகம் வடக்கே இருக்கும் பிள்ளைகளிடமிருந்து அந்த மணலை எடுத்துக்கொண்டது.

மிச்சமிருந்த நிலத்தில் தொழிற்சாலைகள், எண்ணெய்த் தொட்டிகள், கன்டெய்னர் கிடங்குகள் வந்தன. பையன்கள் ஆடுவது தெருவில், டென்னிஸ் பாலில். பந்து எண்ணூர் நெடுஞ்சாலைக்கு ஓடினால் பின்னால் ஓடும் பையனுக்கு எதிரே கன்டெய்னர் லாரி வரும். 2023 டிசம்பரில் ஒரே மாதத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது, அமோனியா வாயுவும் கசிந்தது. நகரம் முழுவதற்குமான தொழிலைத் தாங்கும் பகுதிக்கு நகரம் திருப்பித் தந்தது என்ன என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பேட்டில் திருவொற்றியூர்

எம்.ஆர்.எஃப். 1946ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கியது. 1999ல் சேப்பாக்கத்தில் சச்சின் 136 அடித்தபோது அவர் பேட்டில் இருந்தது அந்தப் பெயர்தான். அதே நிறுவனம் 1987ல் டென்னிஸ் லில்லியை வைத்துத் தொடங்கிய வேகப்பந்துப் பயிற்சி மையம் நாட்டுக்கே பந்துவீச்சாளர்களைத் தந்தது. அது இருப்பது சேத்துப்பட்டில். இதில் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல திடல் எங்கே இருந்ததோ அங்கே மையம் அமைந்தது. வடக்கே அப்படி ஒரு திடல் இல்லை என்பதுதான் விஷயமே.

"வட சென்னை என்றால் கால்பந்து, பாக்ஸிங், கேரம், அங்கே எதற்குக் கிரிக்கெட்?" என்று சிலர் கேட்பதுண்டு. அந்த மூன்றும் கொஞ்ச இடத்தில், கொஞ்சச் செலவில் வளரக்கூடிய விளையாட்டுகள் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. ஒரு பகுதிக்கு எது கிடைத்ததோ அதுதான் அதற்குப் பிடித்தது என்று முடிவு கட்டுவது சுலபம். தெருவில் தினமும் நடக்கும் ஆட்டத்தைப் பார்த்தால் கிரிக்கெட் ஆசைக்கு அங்கே பஞ்சம் இல்லை என்பது விளங்கும்.

இனி என்ன?

டென்னிஸ் பாலில் ஆடிய நடராஜன் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து இந்திய அணிக்குப் போனார். 2023ல் தன் ஊரிலேயே ஒரு மைதானத்தையும் அமைத்தார். 2016ல் தொடங்கிய டி.என்.பி.எல். ஆட்டங்கள் நத்தம், திருநெல்வேலி, சேலம், கோவை என்று போயிருக்கின்றன. சேப்பாக்கத்தை விட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போக முடிந்த கிரிக்கெட்டுக்கு, சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் எண்ணூருக்குப் போக வழி தெரியவில்லை என்றால் நம்புவது கடினம்.

வட சென்னை கேட்பது இன்னொரு 38,000 இருக்கை ஸ்டேடியம் அல்ல. ஒரு டர்ஃப் விக்கெட், நான்கு வலைப் பயிற்சிக் களங்கள், குடிநீர், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கழிப்பறை, மாலையில் விளக்கு, சம்பளம் வாங்கும் ஒரு பயிற்சியாளர். இவ்வளவுதான். நிலம் இல்லை என்பது பாதி உண்மை. துறைமுகத்திடமும் ரயில்வேயிடமும் ஆலைகளிடமும் இந்தப் பகுதியில் நிலம் உண்டு. நிறுவனங்கள் லாபத்தில் ஒரு பகுதியைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மாநகராட்சியும் கிரிக்கெட் சங்கமும் சேர்ந்து கேட்டால் கிடைக்காமல் போகாது. கூடவே சேப்பாக்கத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு ஸ்டாண்டையாவது அரசுப் பள்ளி மாணவர்களுக்குச் சலுகை விலையில் ஒதுக்கலாம்.

1888ல் கதவு திறக்கும் வரை காத்திருக்காமல் புச்சி பாபு இன்னொரு கிளப்பைத் தொடங்கினார். 1956ல் நகராட்சித் திடலில் உலக சாதனையே நடந்தது. இரண்டும் இந்த நகரம் செய்ததுதான். மூன்றாவது முறையும் செய்ய முடியும், மனம் வைத்தால்.