பயிற்சியா, கூலியில்லா வேலையா?

தொழில் நிறுவனங்கள் பள்ளிக்கூட வாசலை நாடி வருவது இன்று வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறோம், வேலைக்குத் தயார் செய்கிறோம் என்கிறார்கள். நாம் இதனை வரவேற்கிறோம். எஸ்.பி.எம். எழுதி முடித்த பிள்ளை கையில் ஒரு தொழிலுமின்றி வீட்டில் இருப்பதைக் காணும் பெற்றோர் எவரும் வரவேற்கவே செய்வர். ஆயினும் வரவேற்பது வேறு. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுவது வேறு.

முதலாளிமார் பள்ளிக்கூடத்தின்மீது அக்கறை காட்டுவது நமக்குப் புதிதன்று. ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டுமென்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளிகள் தோன்றின. பல தோட்டங்களில் கிராணியாரோ கங்காணியோதான் வாத்தியார். அப்பள்ளிகளால் நம் மக்கள் எழுத்தறிவு பெற்றனர். அதை மறுப்பது நன்றி கொல்வதாகும். ஆனால் அங்கே படித்த பிள்ளை எங்கே போனான்? பெரும்பாலும் தகப்பன் மரம் வெட்டிய நிரைக்கே போனான். நிர்வாகத்துக்கு வேண்டியிருந்தது பால்மரம் வெட்ட ஆள். அந்த ஆளைத் தோட்டத்திலேயே நிறுத்திவைக்கப் பள்ளியும் உதவிற்று. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், ரப்பர் மரம் சாய்ந்து செம்பனை எழுந்தபோதும், வேறு தொழிலறியாத குடும்பங்கள் வீட்டையும் இழந்து, வேலையையும் இழந்து திகைத்தன. ஆகவே, பயிற்சி என்றதும் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அது யாருக்குப் பயன் என்பதே.

நல்ல ஏற்பாடு நாட்டில் இல்லாமலில்லை. ஜெர்மனியின் முறையைப் பின்பற்றி 2005-இல் தொடங்கப்பட்ட தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டத்தில், பயிற்சிக் காலத்தில் 70 முதல் 80 விழுக்காடு தொழிலிடத்திலும் எஞ்சியது பயிற்சி நிலையத்திலும் கழிகிறது. தேறியவருக்கு எஸ்.கே.எம். என்னும் மலேசியத் தொழில்திறன் சான்றிதழ் கிடைக்கிறது. ஒரு முதலாளி கைவிட்டாலும் அந்தச் சான்றிதழை மற்றொரு முதலாளி மதிப்பார். அதுவே தொழிலாளியின் முதல்.

இன்னொரு வகைப் பயிற்சியும் உண்டு. பையன் பட்டறையில் தரை கூட்டுகிறான், சாமான் தூக்குகிறான், தேநீர் வாங்கி வருகிறான். மூன்று மாதம் சென்றதும் கம்பெனி முத்திரை குத்திய தாள் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மறுவாரம் அதே இடத்தில் வேறொரு பையன் நிற்கிறான். இது பயிற்சியன்று, கூலியில்லா வேலை.

சட்டம் நம் பக்கம் ஓரளவு நிற்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி தொழில் பழகுநர் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். முறையான பயிற்சி அளிக்கப்பட வேண்டும். 2023 ஜனவரி முதல் அதன் காலம் ஆறு மாதத்துக்குக் குறையாமலும் 24 மாதத்துக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். பயிற்சிக்குப் பணமில்லை என்ற பேச்சும் எடுபடாது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளரை வைத்திருக்கும் முதலாளிமார் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை மனிதவள நிதிக்குச் செலுத்துகின்றனர். அந்த நிதி பயிற்சிக்கென்றே உள்ளது.

ஆகவே, பள்ளியை நாடி வரும் நிறுவனங்களிடம் நாம் கேட்பவை நான்கு. ஒன்று, எழுத்து மூலமான ஒப்பந்தம். இரண்டு, எந்த மாதத்தில் எந்த வேலை கற்பிக்கப்படும் என்ற பட்டியல். மூன்று, அரசாங்கம் ஏற்கும் சான்றிதழ். நான்கு, செய்யும் வேலைக்குப் படிப்பணம். நேர்மையான முதலாளி இவற்றில் ஒன்றைக்கூட மறுக்க மாட்டார்.

பெற்றோர்களே, கம்பெனியின் பெயரைக் கண்டு மயங்காதீர்கள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். தலைமையாசிரியர்கள் பள்ளிக்கு நன்கொடை தந்தவர் என்பதற்காகப் பிள்ளைகளை அனுப்பிவைக்க வேண்டாம். கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை: மலாயிலோ ஆங்கிலத்திலோ உள்ள ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரியாத தாய் உங்கள் அலுவலகத்துக்கு வந்தால், வரி விடாமல் படித்து விளக்கிய பிறகே பேனாவை அவர் கையில் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் கிளைச் செயலாளரிடம் கொண்டு வாருங்கள். சம்பள ஒப்பந்தத்துக்காகப் போராடத் தெரிந்த நமக்குப் பிள்ளையின் பயிற்சி ஒப்பந்தத்தைப் படித்துப் பார்ப்பது பெரிய காரியமன்று.