கேட்டால் பதில் சொல்லக்கூடிய கத்தி

உகந்தையில் காட்டுப்பாதை திறக்கிற நாள் நெருங்கினால், பெரியகல்லாற்றில் எங்கட வயசுக்காரர் பேச்சில் தவறாமல் ஒரு கேள்வி வரும்: "மச்சான், எந்தக் கத்தி வாங்குற?" சப்பாத்தா செருப்பா என்ற கேள்விக்குக்கூட இவ்வளவு வாக்குவாதம் நடக்காது. யூடியூப்பில் ஒருவர் வில்லுக்கத்தியை வைத்து விறகு பிளந்து காட்டுகிறார். பேஸ்புக் விளம்பரத்தில் கறுப்பு அலகும் மண்டையோடு பொறித்த பிடியுமாக ஒன்று வந்து நிற்கிறது. கடைசியில் பலரும் வாங்குவது அந்த மண்டையோட்டைத்தான்.

எங்கட கருத்து இதற்கு நேர் எதிர். நல்ல வில்லுக்கத்தி பார்வைக்குச் சாதுவாக இருக்க வேணும். கழுவிக் காயவைக்கக் கூடியதாக, ஊரில் கிடைக்கிற கல்லில் தீட்டக் கூடியதாக இருக்க வேணும். எல்லாவற்றுக்கும் மேலாக, "இது எதுக்கு?" என்று யாராவது கேட்டால் ஒரே வசனத்தில் பதில் சொல்லக் கூடியதாக இருக்க வேணும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். ஆனால் முதலில் கத்தியைப் பார்ப்போம்.

எங்கட ஊரில 'காம்ப்' எண்டால் நேற்று வரைக்கும் ஆமிக் காம்ப்தான். ஆற்றங்கரையில் கூடாரம் அடித்து இரவு தங்குவதற்கும் அதே பேர் வந்தது இப்பதான். ஆனால் வெட்டவெளியில் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டு நடக்கிற பழக்கம் எங்களுக்குப் புதிசு இல்லை. கதிர்காமப் பாதயாத்திரை அதுதானே? உகந்தை முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டால் குமுக்கனாறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தங்கித் தங்கிப் போய்ச்சேர ஐந்தாறு நாட்கள் ஆகும். சாமான் முழுக்கத் தலையிலும் தோளிலும். இதைவிடக் கடுமையான காம்பிங் இந்தத் தீவில் வேற எங்க கிடக்கு?

அந்த ஐந்தாறு நாளில் கத்திக்கு என்ன வேலை வருகிறது என்று எண்ணிப் பாருங்க. தறப்பாள் கட்டுகிற நைலோன் கயிற்றை அறுக்க வேணும். அரிசிப் பையின் தையலைப் பிரிக்க வேணும். வெங்காயமும் பூசணிக்காயும் வெட்ட வேணும். மாங்காய் சீவ வேணும். காலில் கொப்புளம் போட்டால் பிளாஸ்டரை அளவாக நறுக்க வேணும். ஊரில் நிற்கிற நாட்களில் என்றால் தூண்டில் தங்கூசியை அறுப்பது, சிக்குப்பட்ட வலையை விடுவிப்பது, பார்சல் பிரிப்பது. இதில் எந்த வேலைக்கும் 9 சென்ரிமீற்றருக்கு மேல் அலகு தேவைப்படாது. 7 முதல் 9 வரைக்கும் போதும். அதற்கு மேல் நீளம் கேட்பது ஆசை மட்டும்தான்.

"காட்டில கொப்பு வெட்ட வேணாமா?" என்று கேட்பார்கள். வேணாம், வெட்டவும் கூடாது. அந்தப் பாதை குமண, யால தேசிய பூங்காக்களுக்குள்ளால் போகிறது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் தேசிய பூங்காவுக்குள் மரஞ்செடிகளை வெட்டுவதைத் தடை செய்கிறது. அடுப்புக்குச் சனம் பொறுக்குவது விழுந்து காய்ந்து கிடக்கிற சுள்ளிதான், அதற்குக் கை போதும். மன்னாக்கத்தியை வீட்டில் வைத்துவிட்டு வாங்க.

அடுத்தது எஃகு. இதைப் பேசும்போது வெளிநாட்டு விமர்சனங்கள் எங்களுக்குப் பாதிதான் உதவும். எங்கட ஊருக்கு ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. சைக்கிள் செயின், யன்னல் கம்பி, கேற்றுப் பிணைச்சல் எல்லாம் எவ்வளவு கெதியாகக் கறள் பிடிக்கிறது என்று பார்க்கிறோம்தானே. எஃகில் குரோமியம் ஏறக்குறைய 10.5 வீதத்துக்கு மேல் இருந்தால்தான் அதை ஸ்டெயின்லெஸ் என்கிறார்கள். அந்தக் குரோமியம் மேற்பரப்பில் ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தை உண்டாக்கிக் கறளைத் தடுக்கிறது. ஆனால் உப்பில் இருக்கிற குளோரைட்டு அந்தப் படலத்தையும் ஊசிக்குத்து மாதிரித் துளைக்கும். அதனால் 'ஸ்டெயின்லெஸ்' என்று பொறித்திருப்பதை நம்பி உப்புத்தண்ணி பட்ட கத்தியை அப்படியே மடக்கிப் பைக்குள் போட்டால், ஒரு கிழமையில் ஆணியடியில் சிவப்புப் புள்ளி தெரியும்.

உப்புக்கு ஈடுகொடுக்கவென்றே செய்த எஃகுகளும் உண்டு. காபனைக் குறைத்து நைதரசன் சேர்த்த எச்-1 என்ற எஃகில் ஸ்பைடர்கோ நிறுவனம் 'சோல்ட்' என்ற வரிசையே வெளியிட்டது. நல்ல சாமான்தான், ஆனால் மாணவர் கைக்கு எட்டுகிற விலை இல்லை. எட்டுகிற தூரத்தில் இருப்பவை இரண்டு பழைய பெயர்கள். ஒன்று ஒப்பினெல். பிரான்சின் சவோய் மலைப்பக்கத்தில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் உருவாக்கியது, விவசாயிகள் சட்டைப்பையில் வைத்துத் திரிந்த கத்தி. அதன் 8ஆம் இலக்கத்துக்கு அலகு 8.5 சென்ரிமீற்றர். காபன் எஃகிலும் வரும், ஸ்டெயின்லெஸ்ஸிலும் வரும். காபன் சுலபமாகக் கூர் ஏறும் என்பது உண்மை. ஆனால் இந்தக் கரையில், ஒரு மாங்காய் வெட்டித் துடைக்காமல் விட்டாலே அது கறுத்துப்போகும். நாங்கள் ஸ்டெயின்லெஸ் பக்கம்.

மற்றது விக்டோரினொக்ஸ். சுவிஸ் நாட்டில் கார்ல் எல்செனர் 1884இல் தொடங்கின பட்டறை, 1891இல் சுவிஸ் இராணுவத்துக்குக் கத்தி கொடுத்தது. அந்தக் கத்தியில் இருந்தவை ஓர் அலகு, ஒரு துளையூசி, ஒரு டின் திறப்பான், ஒரு திருகாணி முடுக்கி. படைவீரன் சாப்பாட்டு டின் திறக்கவும் துவக்கைக் கழற்றிப் பூட்டவும் கொடுத்தது. ஆமிக்காரனுக்கே கத்தி சண்டைக்கு இல்லை, வேலைக்குத்தான். மண்டையோட்டுப் பிடி வாங்கும் தம்பிமார் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

விக்டோரினொக்ஸ் எஃகின் கடினம் ரொக்வெல் அளவில் 56 அளவில் நிற்கிறது. 60, 62 என்று வருகிற விலை கூடிய எஃகுகளோடு பார்த்தால் இது மென்மை, கெதியாக மழுங்கும். இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எங்களுக்கு இதுதான் வசதி. மழுங்கினால் ஊரில் கிடைக்கிற சாதாரண சாணைக்கல்லில், தேவைப்பட்டால் கோப்பையின் அடியில் மினுக்கம் பூசாத வளையத்தில்கூட, பத்து நிமிசத்தில் கூர் திரும்பிவிடும். கடின எஃகு நாள்கணக்காகக் கூர் நிற்கும், ஆனால் ஒருதரம் மழுங்கினால் அதற்கு வைரத்தூள் கல் வேணும். நாவலடியில் வைரக்கல் விற்க ஆள் இல்லை.

பூட்டு விசயத்துக்கு வருவோம். பழைய வில்லுக்கத்தியில் பூட்டு கிடையாது, முதுகில் இருக்கிற வில்லு மட்டும்தான் அலகைப் பிடிக்கும். நெருக்கினால் மடங்கி விரலில் விழும். ஆகவே குத்தித் துளைக்கிற வேலைக்கு அது உதவாது, அறுக்கிற வேலைக்கு மட்டும்தான். ஒப்பினெல்லில் 1955இலிருந்து ஒரு வளையம் இருக்கிறது, திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். இப்போது வருகிற பல கத்திகளில் உள்ளே இருக்கிற ஒரு தகடு தள்ளி வந்து அலகின் அடியைத் தாங்கும். எங்கட மணல்கரையில் இந்தத் தகட்டுப் பூட்டைத்தான் கவனிக்க வேணும். மணல் போய் அடைத்தால் தகடு முழுசாக வந்து பொருந்தாது. பூட்டியிருக்கிற மாதிரித் தெரியும், பூட்டியிருக்காது. கடையில் வாங்கும்போதே விரித்து அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்க. லொடலொடவென்று ஆடினால் பிராண்ட் எதுவானாலும் திருப்பிக் கொடுங்க.

பிடியும் முக்கியம். மரப்பிடி கைக்கு நல்லா இருக்கும், ஆனால் நனைந்தால் ஊதும். ஒப்பினெல்லின் மரம் ஊதி அலகு திறக்க மறுப்பது அதைப் பாவிக்கிறவர்களுக்குப் பழகின கதை. ஆற்றில இறங்கிற ஆளென்றால் பிளாஸ்டிக் வகைப் பிடி எடுங்க. தோல் உறைக்குள் வைக்க வேணாம், தோல் ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்திருக்கும்.

நீடித்து உழைக்கிறதில் பாதி பராமரிப்பு. உப்புத்தண்ணி பட்டால் அன்றைக்கே நல்ல தண்ணியில் விரித்துக் கழுவி, உதறி, வெயிலில் காயவைக்க வேணும். ஆணியடியில் ஒரு துளி தையல் மெசின் எண்ணெய். அலகில் தேங்காயெண்ணெயை மெல்லிசாகப் பூசித் துடைத்துவிடலாம், சாப்பாட்டில் பட்டாலும் பரவாயில்லை. ஆனால் தேங்காயெண்ணெயை ஆணியடியில் விடாதீங்க. நாள்பட்டால் பசையாகி மணலைப் பிடித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கு. "மடங்கிற கத்தி எவ்வளவு விலை கொடுத்தாலும் மடங்கிற இடத்தில பலவீனம்தானே? அதே காசுக்குக் கொல்லர் பட்டறையில் லொறி வில்லுத்தகட்டில் ஒரு கத்தி அடிப்பிச்சால் பேரன் காலத்துக்கும் நிக்குமே?" உண்மை, நாங்கள் மறுக்கவில்லை. பத்துப் பேர் சேர்ந்து நடக்கிற குழுவுக்கு அப்படி ஒரு சமையல் கத்தி, துணியில் சுற்றிச் சாமான் பொட்டணிக்குள் இருந்தால் போதும். அந்தக் காசு ஊரில் ஒரு தொழிலாளிக்கும் போகும். ஆனால் ஒவ்வொருவர் பையிலும் தினமும் கிடக்கிற கத்தி மடங்கிறதாகவே இருக்கட்டும், பஸ்ஸில் சனத்துக்கு நடுவில் நிற்கிற ஆள் கூர்வெளிக் கத்தியோடு திரியக்கூடாது.

இனி, முதலில் தள்ளி வைத்த விசயம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. இரண்டு கிழமை கழித்து, மே மாதத் தொடக்கத்தில், வாள்களையும் கத்திகளையும் கிட்ட இருக்கிற பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கும்படி பொதுமக்களிடம் பொலிஸ் கேட்டது. அன்றாட வேலைக்குப் பாவிக்கிற கத்திகளுக்கு மட்டும் விலக்கு. குசினிக் கத்தியையே இரண்டுதரம் யோசித்துப் பார்க்க வேண்டியிருந்த காலம் அது, எங்கட அயலில் இருக்கிற முஸ்லிம் குடும்பங்களுக்கு இன்னும் கூடுதலாக. 'அன்றாட வேலைக்கு' என்ற அந்த ஒரு சொல்தான் கருவிக்கும் ஆயுதத்துக்கும் நடுவில் நின்ற கோடு. அந்தக் கோடு கத்தியின் எஃகில் இல்லை. வைத்திருக்கிறவர் சொல்கிற பதிலிலும், அந்தப் பதிலைக் கேட்கிறவர் நம்புகிறாரா என்பதிலும்தான் இருக்கிறது.

லண்டனிலும் சட்டம் இதைச் சுற்றித்தான் போகிறது. அங்கே 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, 3 அங்குலத்துக்கு மேற்படாத கூருள்ள, பூட்டு இல்லாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமல் கொண்டு திரியலாம். நீளம் கூடினாலோ அலகு பூட்டினாலோ தக்க காரணம் காட்ட வேணும். விரலைக் காப்பாற்றுகிற பூட்டே அங்கே கேள்விக்குரியதாகிறது. அங்கிருந்து லீவில் வந்து எங்களோடு நடக்கிற மச்சான்மார் திரும்பும்போது இதை ஞாபகம் வைக்க வேணும். பிளேனில் கைப்பைக்குள் எந்தக் கத்தியும் போகாது என்பதையும்தான்.

மடக்குக்கத்திக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்ததில் சினிமாவுக்கும் பங்கு உண்டு. உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் கைவினைஞர்கள் செய்த மடக்குக்கத்தி, ஹிந்திப் படங்களில் வில்லனின் கையடையாளமாகிப்போனது. எங்கட நாட்டில் வாள்வெட்டுச் செய்திகளும் கத்தியோடு செல்பி எடுக்கிற பொடியன்மாரும் அதே வேலையைச் செய்கிறார்கள். ஒருவர் போஸ் கொடுக்கிறார், அடுத்த சோதனையில் பையைத் திறந்து காட்டி விளக்கம் சொல்கிறவர் வேறொருவர். பாதுகாப்புக்கு வைத்திருக்கிறேன் என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறோம்: பயத்தில் எடுத்த கத்தி எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் உறுதி இல்லை. அது பாதுகாப்பு இல்லை.

எங்களில் பாதிப்பேர் பெண்கள். "பொம்புளப் பிள்ளைக்கு என்னத்துக்குக் கத்தி?" என்று கேட்காத வீடு இல்லை. பெரியபிள்ளையானபோது கையில் பாக்குவெட்டியைத் தந்து, இரும்பு இருந்தால் பேய் அண்டாது என்று சொன்ன அதே வீடுகள்தான். மீன் வெட்டுவது, இறால் உடைப்பது, காய்கறி அரிவது என்று கத்தியோடு அதிக நேரம் இருப்பது எங்கட அம்மாமார். கத்தியைக் கைக்குக் கை கொடுக்காமல் கீழே வைத்து எடுக்கச் சொல்லிப் பழக்கினதும் அவர்கள். கத்தி குசினிக்குள் இருந்தால் கடமை, பையில் இருந்தால் வம்பு என்பது என்ன கணக்கு? காட்டில் கயிறு அறுக்கத் தம்பியைத் தேடிக்கொண்டு நிற்கிற அக்காவுக்கும் தன் பையில் ஒரு வில்லுக்கத்தி தேவை.

ஆகவே இந்த முறை கத்தி வாங்கப் போகிறவர்கள் படத்தைப் பார்க்காமல் நான்கு விசயம் பாருங்க: அலகு 9 சென்ரிமீற்றருக்குள், எஃகு ஸ்டெயின்லெஸ், விரித்தால் ஆட்டம் இல்லை, மடித்தால் பேனைப்பெட்டியில் அடங்கும். வாங்கின கையோடு ஒரு சின்னச் சாணைக்கல்லும் வாங்குங்க. கத்திக்குச் செலவழிக்க நினைத்த காசில் மிச்சம் வந்தால் நல்ல சப்பாத்து எடுங்க. உகந்தையிலிருந்து கதிர்காமம் வரைக்கும் நடக்கப் போவது கால்தான்.