மைசூர் மைப்படிக்கு மீடியம் ஃபார்மட் எதுக்கு?

டிஸ்கி: இது கேமரா பதிவு. கல்வெட்டுப் பதிவும்கூட. ரெண்டுமே ஒத்துக்காதவங்க அடுத்த பதிவுக்கு வாங்க, கோச்சுக்க மாட்டேன் :-)

எங்க பக்கத்துத் தமிழ்ச் சங்க நண்பர்கள் சிலருக்கு ஒரு யோசனை. மைசூர்ல சேர்த்து வச்ச தமிழ்க் கல்வெட்டுப் படிகளை எல்லாம் டிஜிட்டல் ஆக்கணும். அதுக்கு ஒரு மீடியம் ஃபார்மட் கேமரா வாங்கிக் கொடுக்க ஆளுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணணும். "ஃபுல் ஃப்ரேம் எல்லாம் கல்யாணத்துக்கு சார், ஆவணம்னா மீடியம் ஃபார்மட்தான்" என்கிறார்கள்.

முதல் பாதிக்கு என் ரெண்டு கையையும் தூக்குறேன். ரெண்டாம் பாதி, காசைக் கரியாக்கும் வேலை. ஏன்னு சொல்றேன்.

முதல்ல விஷயம் தெரியாதவங்களுக்கு. கல்வெட்டைப் படி எடுப்பது இப்படித்தான்: கல்லைக் கழுவி, ஈரத்தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து அடித்து எழுத்தின் குழிக்குள் தாளை இறக்குவார்கள். பிறகு மை ஒற்றுவார்கள். குழிக்குள் மை போகாது. கறுப்புப் பரப்பில் வெள்ளை எழுத்து எழுந்து நிற்கும். இதுதான் மைப்படி. 1886ல் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியர் அரசுக் கல்வெட்டாய்வாளரா வந்த காலத்திலிருந்து இந்த வேலை நடக்குது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890ல் வந்தது. தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு ஊட்டியிலிருந்து 1966ல் மைசூருக்கு மாறியது. கூடவே படிகளும் போயின.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். தமிழ்ப் படிகளை எல்லாம் மைசூரிலிருந்து சென்னைக்குக் கொண்டுவரணும்னு 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. நாமும் இங்கே இனிப்பு கொடுத்துக் கொண்டாடினோம். 2023 மத்திய பட்ஜெட்டில், முதல் கட்டமா ஒரு லட்சம் கல்வெட்டுகளை டிஜிட்டல் ஆக்கப்போறதா அறிவிப்பு வந்தது. அதுக்கும் கை தட்டினோம். ஆனா எத்தனை புள்ளி, எந்த வெளிச்சம், எந்தக் கோப்பு வடிவம், யார் பார்க்கலாம் என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? தாள் மைசூர்ல இருக்கா சென்னைல இருக்கா என்பதில் காட்டிய வேகத்தில் கால்வாசியை இதில் காட்டியிருக்கலாம்.

ஏன் இது அவசரம்? கல்லு எங்கேயும் போகாதுன்னு நினைக்காதீங்க. திருப்பணி என்ற பேர்ல மணல் வீச்சு அடிச்சு எழுத்தே மழுங்கிப்போன சுவர்களை ஊருக்குப் போறப்ப நீங்களே பார்த்திருப்பீங்க. கல் பிரித்துக் கட்டும்போது மாறிப் போனதும் உண்டு, சுண்ணாம்புக்கு அடியில் போனதும் உண்டு. அந்த இடங்களில் தாள்தான் ஒரே சாட்சி. அந்தத் தாளுக்கோ வயசாகுது. மடிப்பில் கிழியுது, ஓரம் பொடியுது. நம்ம ஊர் ஏரிக்கு மதகு வச்சது யார், கோயில் விளக்குக்கு ஆடு கொடுத்தது யார் என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கு.

சரி, கேமராவுக்கு வருவோம்.

"மீடியம் ஃபார்மட்" என்று இன்னிக்குக் கடையில் விற்கிற ஃபூஜி ஜிஎஃப்எக்ஸ் வகையறாவின் சென்சார் 44க்கு 33 மில்லிமீட்டர். ஃபுல் ஃப்ரேம் 36க்கு 24. பரப்பு கணக்குப் போட்டா 1.7 மடங்குதான். அந்தக் காலத்து ஸ்டூடியோ அண்ணாச்சி கழுத்தில் தொங்கிய 120 ஃபிலிம் கேமராவின் சதுரம் 56க்கு 56. அதில் பாதிகூட இன்றைய மீடியம் இல்லை. பழைய பேரை வச்சுப் புது விலை போடுறாங்க, அவ்வளவுதான்.

இன்னொரு சங்கதி. 102 மெகாபிக்சல் ஃபூஜியிலும் 61 மெகாபிக்சல் சோனி ஏ7ஆர் 4லும் ஒரு பிக்சலின் அகலம் ஒண்ணுதான்: 3.76 மைக்ரான். ஒரே நெசவு, ஒரே நூல். ஒன்று நாலு முழ வேட்டி, இன்னொன்று எட்டு முழம். எட்டு முழத்துக்காரர் என் துணி ஒசத்தின்னு சொன்னா சிரிக்க மாட்டீங்களா?

இப்ப தாளை வைத்துப் பார்ப்போம். அங்குலத்துக்கு 300 புள்ளி வேணும்னு வச்சுக்குங்க. ஃபூஜி ஒரே படத்தில் 38.8க்கு 29.1 அங்குலம் மூடும். சோனி 31.7க்கு 21.1. நாலு அடிக்கு ரெண்டரை அடி தாள் ஒண்ணு இருந்தா, ஃபூஜிக்கு ரெண்டு படம், சோனிக்கு மூணு படம். ரெண்டிலுமே ஒட்டித்தான் ஆகணும்! ஒரே ஒரு படம்தான் கூடுதல். தாள் ஓடிப்போகாது, அசையாது. அசையாத பொருளுக்குச் சென்சாரையே நகர்த்தி 16 படம் எடுத்து 240 மெகாபிக்சலாகச் சேர்க்கிற வசதி அந்தச் சோனியிலேயே 2019லிருந்து இருக்கு. ஸ்டாண்ட் ஆடாம இருந்தா போதும்.

அதுவும் படிக்கிறதுக்கு இவ்வளவு தேவையே இல்லை. எழுத்து ஒரு அங்குல உயரம்னா அதுக்கு 300 பிக்சல் கிடைக்குது. இந்தப் பதிவை நீங்க போன்ல படிக்கிறப்ப ஒரு எழுத்துக்கு அதில் கால்வாசி பிக்சல்கூட இருக்காது.

"டைனமிக் ரேஞ்ச் சார், நிழலில் விவரம் சார்" என்பார்கள். கறுப்பு மை, பழுப்புத் தாள். இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் ஏழெட்டு ஸ்டாப்பைத் தாண்டாது. சுமாரான ஃபுல் ஃப்ரேமே அதை அனாயாசமா தாங்கும். பின்னணி மங்கும் அழகு? தட்டையான தாளுக்குப் பின்னணி ஏதுங்க!

நேர்மையா ஒரு பாயிண்ட் அவங்க பக்கம் இருக்கு. தாள் பல்லாயிரக்கணக்கில் இருக்கும்போது ஒரு படம் மிச்சம் என்பது மாசக்கணக்கில் வேலை மிச்சம். ஒட்டும் இடத்தில் பிழையும் குறையும். உண்மை. ஆனா அவ்வளவு பெரிய வேலையை ஒரு அரசுத் துறை டெண்டர் விட்டு, 150 மெகாபிக்சல் ஃபேஸ் ஒன் மாதிரி ஆவணத்துக்கென்றே அமைத்த கருவியோடு செய்யணும். நாம அனுப்பும் ஒற்றைக் கேமரா அங்கே யானைப் பசிக்குச் சோளப்பொரி. அனுமதி, ஆள், பராமரிப்பு எதுவும் இல்லாம போனா அது அலமாரியில் பூஞ்சை பிடிக்கும். போட்டோ எடுத்து சங்க மலரில் போட்டுக்கலாம், அவ்வளவுதான்.

காசுக் கணக்கும் பார்த்துடுவோம். எல்லாம் வெளிவந்த நேரத்து விலை:

- ஃபூஜி ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் (2021): சுமார் 6,000 டாலர். 120 மி.மீ. மேக்ரோ லென்ஸ்: சுமார் 2,700. மொத்தம் 8,700.
- சோனி ஏ7ஆர் 4 (2019): சுமார் 3,500. 90 மி.மீ. மேக்ரோ: சுமார் 1,100. மொத்தம் 4,600.

மிச்சம் 4,100 டாலர். இதில் ஆடாத ஸ்டாண்ட், ரெண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தரும் விளக்குகள், தாளைச் சமமா வைக்கக் கண்ணாடி, நிற அட்டை, அளவுகோல், மூணு ஹார்ட் டிஸ்க் எல்லாம் வாங்கியும் கணிசமா மீறும். மீறுவதைக் கல்வெட்டியல் படிக்கிற ஒரு பிள்ளைக்கு உதவித்தொகையா கொடுங்க. கிரந்தமும் வட்டெழுத்தும் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் வருஷா வருஷம் குறைஞ்சுகிட்டே வர்றாங்க. 102 மெகாபிக்சல்ல எடுத்த படத்தைப் படிக்க ஆளில்லைன்னா அது வெறும் கறுப்பு வெள்ளை டிசைன்.

வெளிச்சம் பத்தி ஒரு வார்த்தை. மைப்படித் தாளில் மை மட்டும் இல்லை, எழுத்தின் குழியும் லேசா பதிஞ்சிருக்கும். மை மங்கின இடத்தில் பக்கவாட்டில் தாழ்ந்த ஒரு விளக்கைப் போட்டு இன்னொரு படம் எடுத்தா அந்தக் குழி நிழலாத் தெரியும். இதுக்கு ஆகிற செலவு ஒரு விளக்கு. சென்சார் எவ்வளவு பெரிசா இருந்தாலும் தப்பான வெளிச்சத்தில் அந்த எழுத்து வராது.

ஆகவே சங்கத்துப் பெரியவர்களே, வசூல் பண்ணுங்க, வேண்டாம்னு சொல்லலை. கேமராப் பேரை மட்டும் வசூல் நோட்டீஸிலிருந்து எடுத்துடுங்க. அதுக்குப் பதிலா தொல்லியல் துறைக்குக் கையெழுத்துப் போட்டு நாலே நாலு கேள்வி அனுப்புவோம். எடுக்கும் படத்தில் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி? அளவுகோலும் நிற அட்டையும் ஒவ்வொரு படத்திலும் இருக்கா? கோப்பின் பேரில் ஊரும் கல்வெட்டு ஆண்டறிக்கை எண்ணும் இருக்கா? மாணவன் ஒருத்தன் காசு கொடுக்காம முழு அளவுப் படத்தை இறக்கிக்க முடியுமா?

இந்த நாலுக்கும் பதில் வந்த பிறகு, கேமரா எதுன்னு எடுக்கிறவங்களே சொல்வாங்க. அப்ப என் பங்கை முதல் ஆளா தர்றேன்.

அதுவரைக்கும் யாராவது "மீடியம் ஃபார்மட் இருந்தாத்தான்" என்று ஆரம்பிச்சா, எட்டு முழ வேட்டிக் கதையைச் சொல்லுங்க. கோபம் வந்தா என்னைத் திட்டச் சொல்லுங்க, பழக்கம்தான் :-)